எக்கோ: கிணற்றில் கூப்பிட்டால் குரல் திரும்புமே, அதுதான்

"எக்கோ எடுத்துட்டு வாங்க" என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததும் அப்புச்சியின் முகம் வாடிவிட்டது. கொடுமுடிப் பக்கம் காலிங்கராயன் பாசனத்தில் மஞ்சள் தோட்டம். 74 வயது. கொஞ்ச நாளாக வரப்பில் நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்குகிறது. ஈரோட்டுக்குப் போகும் பஸ்ஸில் மெதுவாகக் கேட்டார்: "கரண்டு வெப்பாங்களா, கண்ணு?"

கரண்டும் இல்லை, ஊசியும் இல்லை, எக்ஸ்ரேயில் வருவது போன்ற கதிரும் இல்லை. எக்கோ என்பது வெறும் சத்தத்தை வைத்து இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன்தான். வயிற்றுக் குழந்தையைப் பார்க்கும் ஸ்கேனும் இதே வகைதான். நெஞ்சின் மேல் வைத்துப் பார்க்கும் சாதாரண எக்கோவுக்குச் சாப்பிட்டுவிட்டே போகலாம்.

ஆழமான கிணற்றை எட்டிப் பார்த்துக் கூப்பிட்டால் குரல் திரும்பி வரும். போன சத்தம் வர எவ்வளவு நேரம் ஆனது என்று தெரிந்தால், தண்ணீர் எத்தனை ஆழத்தில் கிடக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். எக்கோ செய்வதும் அதையேதான். நம் காதுக்கு நொடிக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். இந்தக் கருவி அனுப்பும் ஒலி நொடிக்கு 20 லட்சத்துக்கும் மேல் அதிரும். உடம்புக்குள் அது நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் ஓடுகிறது. 10 செ.மீ. ஆழத்தில் இருக்கும் இதயச் சுவரைத் தொட்டுத் திரும்ப, ஒரு நொடியை 7,700 பங்காக்கினால் அதில் ஒரு பங்கு போதும். அதனால்தான் துடிக்கிற இதயத்தைத் துடிக்கிறபடியே திரையில் பார்க்க முடிகிறது.

1953-ல் ஸ்வீடனின் லண்ட் நகரில் எட்லர் என்ற மருத்துவரும் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் இதைத் தொடங்கினார்கள். உலோகத்துக்குள் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கான கருவியைத்தான் இதயத்தின் மேல் வைத்தார்கள். எனக்கு இது இன்றும் வியப்புதான்.

அறையில் சட்டையைக் கழற்றச் சொல்லி, நெஞ்சில் குளிர்ச்சியாக ஜெல் தடவினார்கள். தோலுக்கும் கருவிக்கும் நடுவே துளி காற்று இருந்தாலும் ஒலி அங்கேயே திரும்பிவிடும். ஜெல் அந்த இடைவெளியை அடைக்கிறது. நுரையீரலிலும் காற்றுதான். "ஐயா, இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க" என்று அந்தப் பெண் சொன்னதற்குக் காரணம் அதுதான். அப்படிப் படுத்தால் நுரையீரல் விலகி, இதயம் விலா எலும்புப் பக்கம் நெருங்கி வரும்.

திரையில் வால்வு திறந்து மூடுவதைப் பார்த்து அப்புச்சி, "நம்ம மோட்டார் புட் வால்வாட்டவே இருக்குதுங்களே" என்றார். அதே வேலைதான். போன ரத்தம் திரும்பி வராமல் நான்கு வால்வுகள் காவல் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் முறை திறந்து மூடுகிறது.

அப்புறம் 'வூஷ், வூஷ்' என்று ஒரு சத்தம் கேட்டது. அது டாப்ளர். ஓடுகிற ரத்தத்தில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வு கொஞ்சம் மாறியிருக்கும். அந்த மாற்றம் ரத்தத்தின் வேகத்தைச் சொல்லிவிடும். திரையில் தெரியும் சிவப்பையும் நீலத்தையும் நல்ல ரத்தம், கெட்ட ரத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. கருவியை நோக்கி வருவது சிவப்பு, விலகிப் போவது நீலம்.

ரிப்போர்ட்டில் இ.எஃப்., அதாவது நிரம்பிய ரத்தத்தில் ஒரு துடிப்பில் வெளியே போகும் பங்கு, 60 சதவீதம் என்று இருந்தது. "அப்ப நாப்பது போச்சா?" என்று கேட்டபோது அவர் குரல் உடைந்துவிட்டது. இந்த எண்ணைப் பரீட்சை மார்க் போல எடுத்துக்கொண்டு எத்தனையோ பேர் வீணாகக் கலங்குகிறார்கள். இடது கீழறையில் 120 மில்லி ரத்தம் நிரம்பினால், ஒரு துடிப்பில் வெளியே போவது 70 மில்லிதான். மீதி உள்ளேயே தங்கும். நல்ல இதயத்துக்கே 55 முதல் 70 வரைதான் இருக்கும். 100 யாருக்கும் கிடையாது. அப்புச்சியின் இதயம் நன்றாகவே இறைக்கிறது.

குறை வேறு இடத்தில் இருந்தது. வாய்க்கால் மடை குறுகினால் தண்ணீர் சீறிக்கொண்டு பாயும் இல்லையா? இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெருந்தமனியின் வாசலில் இருக்கும் வால்வு சுண்ணாம்பு படிந்து இறுகியிருந்தது. நொடிக்கு 1 மீட்டர் போலப் போக வேண்டிய ரத்தம் அங்கே 4 மீட்டர் வேகத்தில் சீறியது. வேகத்தை வேகத்தால் பெருக்கி, மறுபடி 4-ஆல் பெருக்கினால் 64: அந்தக் குறுகலைத் தாண்ட இதயம் கூடுதலாகத் தள்ளும் அழுத்தம், மில்லிமீட்டர் பாதரசத்தில். மூச்சு வாங்குவது இதனால்தான்.

வால்வை மாற்ற வேண்டும் என்றார் டாக்டர். இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் அடைப்பு இருந்தால் எக்கோவில் நேரடியாகத் தெரியாது என்பதால், ஆஞ்சியோவும் எழுதிக் கொடுத்தார்.

"மஞ்ச வெட்டு முடிஞ்சதும் வரட்டுங்களா?" என்று கேட்டார் அப்புச்சி.

"தள்ளிப் போட வேண்டாங்க, ஐயா" என்றார் டாக்டர்.