எட்டு நியூரான்களும் ஓர் எண்ணும்

1971-இல் 'பிரெய்ன் ரிசர்ச்' ஆய்விதழில் ஐந்தே பக்கத்தில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஜான் ஓ'கீஃபும் அவருடைய மாணவர் ஜொனாதன் தோஸ்த்ரோவ்ஸ்கியும். எலியின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிக்குள் மெல்லிய மின்முனைகளை இறக்கி, எலியை அதன் போக்கில் நடமாட விட்டு, எந்த நியூரான், அதாவது நரம்புச் செல், எப்போது துடிக்கிறது என்று கவனித்தார்கள். பதிவானவை 76. அவற்றில் எட்டு மட்டும், எலி மேடையின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருக்கும்போது துடித்தன. வேறு இடத்துக்கு நகர்ந்தால் அடங்கிவிட்டன.

'நான் எங்கே இருக்கிறேன்' என்பதை மூளை குறித்து வைக்கும் விதம் அப்படித்தான் முதன்முதலில் கண்ணில் பட்டது. அந்த நியூரான்கள் 'இடச் செல்கள்' என்ற பெயரில் இன்று பாடப்புத்தகம் வரை வந்துவிட்டன. 2014-இல் ஓ'கீஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அவர் வாழ்நாளில் இந்த ஒரு கட்டுரையை மட்டும் எழுதியிருந்தால், அவருடைய எச்-இன்டெக்ஸ் 1.

கலிஃபோர்னியாவில் பணியாற்றிய இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ், ஓர் ஆய்வாளரின் எழுத்து எவ்வளவு பயன்பட்டது என்பதை ஒரே எண்ணில் சொல்ல 2005-இல் முன்வைத்த கணக்கு இது. ஒரு கட்டுரையைப் பிற ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரையில் சுட்டினால் அது ஒரு மேற்கோள். ஒருவருக்கு ஏழு கட்டுரைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மேற்கோள் அதிகம் பெற்றதை முதலில் வைத்து வரிசையாக எழுதுங்கள்: 48, 33, 12, 9, 6, 5, 2. இப்போது மேலிருந்து எண்ணிக்கொண்டே வாருங்கள். ஐந்தாவது கட்டுரைக்கு 6 மேற்கோள், வரிசை எண்ணைவிடக் குறையவில்லை. ஆறாவதற்கு 5 தான், குறைந்துவிட்டது. எனவே இவருடைய எச்-இன்டெக்ஸ் 5.

முதல் கட்டுரையின் 48 நாளைக்கே 5,000 ஆனாலும் இந்த 5 அசையாது. ஆறாவது கட்டுரையை யாரோ ஒருவர் ஒரே ஒரு முறை சுட்டினால் உடனே 6 ஆகிவிடும். ஒரே கட்டுரையால் பெயர் வாங்கியவரையும், யாரும் படிக்காத கட்டுரைகளை அடுக்கியவரையும் இந்தக் கணக்கு உயர்த்தாது. தொடர்ந்து எழுதி, எழுதியது தொடர்ந்து பயன்பட்டவரை உயர்த்தும். அந்த அளவில் புத்திசாலித்தனமான கணக்கு என்றே சொல்வேன். மேற்கோள்களைத் தொகுத்து எண்ணும் தளங்களில், ஒரே ஆளுக்கு கூகுள் ஸ்காலரில் ஓர் எண்ணும் ஸ்கோப்பஸில் வேறோர் எண்ணும் வருவது, அவை எண்ணும் இதழ்களும் ஆவணங்களும் வேறு என்பதால்தான்.

நரம்பியலில் இந்த எண் மலைபோல் உயர்ந்து நிற்பது கார்ல் ஃபிரிஸ்டனுக்கு. கூகுள் ஸ்காலரில் 250-ஐத் தாண்டிவிட்டது. அவர் பணியாற்றுவதும் லண்டனில்தான். மூளையைப் படமெடுக்கும் ஸ்கேன், மூளையைப் பல்லாயிரம் சிறு கனசதுரங்களாகப் பிரித்து அளக்கிறது. விரலை அசைத்தபோது அவற்றில் எவை உண்மையிலேயே மாறின, எவை வெறும் இரைச்சல்? அதைப் பிரித்துக் காட்டும் புள்ளியியல் முறையை உருவாக்கி, எஸ்பிஎம் என்ற மென்பொருளாக 1990-களின் தொடக்கத்திலேயே இலவசமாகக் கொடுத்தார். உலகெங்கும் ஆய்வகங்கள் அதை எடுத்துக்கொண்டன. 'படங்கள் எஸ்பிஎம் கொண்டு பகுக்கப்பட்டன' என்று ஆய்வுமுறைப் பகுதியில் எழுதும் ஒவ்வொருவரும் அவர் கட்டுரையைச் சுட்டுகிறார்.

அந்த ஒரு வரியும் ஒரு மேற்கோள்தான். ஒருவருடைய கருத்தைப் பத்துப் பக்கம் வாதிட்டு வளர்த்தாலும் ஒரு மேற்கோள். 'இந்த முடிவு எங்கள் சோதனையில் கிடைக்கவில்லை' என்று மறுத்தாலும் ஒரு மேற்கோள். எண்ணும் இயந்திரத்துக்கு மூன்றும் ஒன்று. ஃபிரிஸ்டனின் எண்ணைப் பார்க்கும்போது எனக்குத் தெரிவது, ஒரு கருவியை ஒளிக்காமல் கொடுத்த மனிதரின் பெருந்தன்மை. மூளை பற்றிய அவருடைய கோட்பாடு சரியா என்று அந்த எண்ணிடம் கேட்க முடியாது. அதற்குக் கட்டுரையைத் திறந்துதான் படிக்க வேண்டும். ஒருவருக்கு வேலை கொடுப்பதா, நிதி கொடுப்பதா என்று முடிவு செய்கிறவர்கள் எண்ணோடு நின்றுவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. இளம் ஆய்வாளருக்கு எண் சேர ஆண்டுகள் ஆகும். எட்டு நியூரான்கள் மட்டும் கையில் இருப்பவரின் கட்டுரையை யாராவது அதற்குள் படித்தாக வேண்டும்.

ஓ'கீஃபோடு 2014 நோபலைப் பகிர்ந்துகொண்டவர்கள் நார்வேயைச் சேர்ந்த மே-பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும். ஹிப்போகாம்பஸுக்குப் பக்கத்துப் பகுதியில், இடத்தை அறுகோண வலைபோல் அளக்கும் செல்களைக் கண்டு 2005-இல் அறிவித்தவர்கள். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 1996-இல், இருவரும் லண்டன் போய் ஓ'கீஃபின் ஆய்வகத்தில் தங்கி, நடமாடும் எலியிடமிருந்து இடச் செல்களைப் பதிவு செய்யும் வித்தையை அவர் பக்கத்தில் இருந்து கற்றார்கள். அவர் கற்றுக்கொடுத்த அந்த மாதங்கள் எந்தப் பட்டியலிலும் மேற்கோளாக ஏறவில்லை.