பாஸ்புக்கில் வட்டியே ஏறாத அந்த மூன்றாவது கட்டம்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. வேலை பார்த்துக் கொடுப்பவன் நான். போனில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து நீட்டி பலரும் கேட்பது இதுதான்: "ஏனுங்க, பென்ஷன்னு இருக்கிற கட்டத்துல மட்டும் வட்டியே ஏறலையே, அமுக்கிட்டாங்களா?"

யாரும் அமுக்கவில்லை. மற்ற இரண்டு கட்டங்களில் (உங்கள் பங்கு, முதலாளி பங்கு) இருப்பதுதான் உங்கள் பெயரில் சேரும் பணம். மூன்றாவது, 1995 நவம்பரில் தொடங்கிய தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போனது. அங்கே எல்லாருடைய பணமும் ஒரே பொது நிதிதான். முதலாளி கட்டும் 12 சதவீதத்தில் 8.33 அங்கே போகிறது, மத்திய அரசு 1.16 சதவீதம் சேர்க்கிறது. ஆனால் சம்பளத்தில் 15,000 ரூபாய் வரைக்கும்தான் கணக்கு என்பதால் முதலாளி பங்கிலிருந்து மாதம் 1,250-க்கு மேல் போகாது (கூடுதல் சம்பளத்துக்கு விருப்பம் கொடுத்தவர்கள் கதை வேறு).

சரி, எவ்வளவு வரும்? கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தை சர்வீஸ் வருடங்களால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 2014 செப்டம்பருக்குப் பிறகு சேர்ந்து, 15,000 கணக்கில் 20 வருடம் கட்டி, 58 வயதில் ஓய்வு பெறுபவருக்கு 20 வருடம் முடித்ததற்குக் கிடைக்கும் போனஸ் 2 வருடத்தையும் சேர்த்தால் மாதம் சுமார் 4,714 ரூபாய்.

கம்மிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நிதியின் பக்கம் நின்றும் ஒருதடவை பாருங்கள். அரசு பங்கையும் சேர்த்து இவருக்காக உள்ளே வந்த அசல் சுமார் 3.42 லட்சம். ஆறு வருட பென்ஷனுக்கே அது சரியாகிவிடும், அப்புறம் அந்தப் பணம் ஈட்டிய வட்டியில்தான் ஓட வேண்டும், அவர் 80 வயது வரை இருந்து, அவருக்குப் பின் மனைவி பத்து வருடம் பாதி பென்ஷன் வாங்கினால் அதுவும் அங்கிருந்துதான். தமிழ்நாட்டில் 2011-லேயே பத்தில் ஒருவர் 60 வயதைத் தாண்டியவர், 2036-இல் ஐந்தில் ஒருவர் ஆவார் என்கிறது அரசின் கணிப்பு. பிள்ளைப்பேறு விகிதமோ (ஒரு பெண்ணுக்குச் சராசரியாக எத்தனை பிள்ளை என்பது) இரண்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. வாங்குபவர்கள் கூடும் வேகத்தில் கட்டுபவர்கள் கூடப் போவதில்லை.

2014-இல் விதிகள் இறுகியதற்கு இந்தக் கணக்குதான் பின்னணி. 12 மாதச் சராசரி 60 மாதமானது. 15,000-க்கு மேல் சம்பளத்தில் புதிதாகச் சேருபவர்களுக்கு இந்தத் திட்டமே இல்லை என்றானது (ஐ.டி. பிள்ளைகள் பலருக்கு மூன்றாவது கட்டம் காலியாக இருப்பது இதனால்தான்). இந்த பென்ஷனுக்குப் பஞ்சப்படியும் கிடையாது. அதே 2014-இல் வைத்த குறைந்தபட்ச பென்ஷன் 1,000 ரூபாய், பத்து வருடம் கழித்தும் அதே 1,000. இது அநியாயம் என்பதுதான் என் கருத்து, ஆனால் கூட்டிக் கொடுக்க இந்த நிதியால் ஆகாது, அரசு பட்ஜெட்டிலிருந்துதான் போட வேண்டும்.

நம் ஊரில் இதைவிடப் பெரிய இழப்பு வேறு இடத்தில் நடக்கிறது. கம்பெனி மாறும்போதெல்லாம் படிவம் 10சி போட்டு பென்ஷன் பணத்தையும் எடுத்துவிடுகிறார்கள். உழைத்த ஒவ்வொரு வருடத்துக்கும் சுமார் ஒரு மாதச் சம்பளம் கையில் வரும், அந்த சர்வீஸ் அதோடு முடிந்தது. மாத பென்ஷனுக்கு 10 வருடம் வேண்டும். நாலு வருடம், மூணு வருடம், அஞ்சு வருடம் என்று மூன்று கம்பெனியில் உழைத்தவருக்கு மொத்தம் 12 வருடம் ஆகியிருக்கும், ஆனால் முதல் இரண்டையும் எடுத்திருந்தால் கையில் இருப்பது 5 மட்டுமே.

அதே 10சி படிவத்தில் பணத்துக்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழ் (சர்வீஸ் வருடங்களை அப்படியே காத்து வைக்கும் சான்று) கேட்கவும் இடம் இருக்கிறது. புது கம்பெனியில் சேர்ந்துவிட்டால் பழைய கணக்கை மாற்றிக்கொண்டாலே போதும், சர்வீஸ் தொடரும். நீங்கள் வெளியேறிய தேதியைப் பழைய கம்பெனி பதியாமல் விட்டிருந்தால் மாற்றம் அங்கேயே நின்றுவிடும், அதை மட்டும் வேலையை விட்ட இரண்டாவது மாதமே பார்த்துவிடுங்கள்.