புகைக்கொடி

எங்கே காடு எரிந்தாலும், செயற்கைக்கோள் படத்தைக் காட்டி நம் செய்தி வாசிப்பாளர்கள் சொல்வது 'புகை மேகம்'. 2023 ஜூனில் கனடாக் காடுகளின் புகை நியூயார்க் வானத்தை ஆரஞ்சு நிறமாக்கியபோதும் அதுதான். மாசி, பங்குனியில் சிறுமலையிலோ போடிப் பக்கமோ தீப்பிடித்தாலும் அதேதான். மதுரையில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

அவர்கள் தமிழாக்கும் ஆங்கில மூலச்சொல் ஸ்மோக் ப்ளூம் (smoke plume). ப்ளூம் என்றால் இறகு. லத்தீன் புளூமா, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. எரியும் இடத்தில் ஒடுங்கித் தொடங்கி, காற்று போகும் பக்கம் விரிந்து நீளும் புகை. அவ்வளவுதான்.

இதை மேகம் என்பதில் என்ன கெட்டுப்போயிற்று? படத்தில் புகையைத் தேடுகிறவரின் முதல் வேலையே அதை மேகத்திலிருந்து பிரிப்பதுதான். மேகம் பளிச்சென்று வெள்ளையாக, ஓரம் தெளிவாக இருக்கும். புகை சாம்பலும் நீலமுமாக, ஓரம் மங்கி, அடியில் நிலம் தெரிகிற மாதிரி இருக்கும். சந்தேகம் வந்தால், பொருள்களின் வெப்பத்தைப் பதியும் வெப்ப அகச்சிவப்புப் படத்தைப் பார்ப்பார்கள். உயரத்துக் குளிர்ந்த மேகம் அதில் தெரியும். மெல்லிய புகை ஏறக்குறைய காணாமல் போய்விடும். இன்சாட்-3டி வரிசை வானிலைச் செயற்கைக்கோள்கள் அரை மணிக்கொன்றாக எடுக்கும் படங்களை வரிசையாக ஓட்டினால் இன்னும் எளிது: எரியும் வரை புகை ஒரே புள்ளியிலிருந்து கிளம்பிக்கொண்டே இருக்கும். இப்படிப் பாடுபட்டுப் பிரித்ததை ஒரே சொல்லில் மறுபடி கலக்கிறோம்.

இன்னொன்று. பெருந்தீயின் வெப்பம் காற்றை மேலே தள்ளி, இடி மின்னலோடு நிஜ மேகத்தையே உண்டாக்குவதுண்டு. பைரோகியூமுலோநிம்பஸ் என்பார்கள். 2019-20 ஆஸ்திரேலியத் தீயில் இவை புகையை, வழக்கமான மேகங்களுக்கும் மேலே உள்ள அடுக்குமண்டலம் வரை ஏற்றிவிட்டன. அந்தப் புகை பசிபிக்கைத் தாண்டித் தென் அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. புகையையே மேகம் என்றுவிட்டு, இந்த மேகத்துக்கு என்ன பெயர் வைப்பார்களாம்?

'புகை இறகு' என்றும் சிலர் எழுதுகிறார்கள். கோழி பொசுங்கிய நினைப்புதான் வருகிறது. அகராதியில் முதல் பொருளை எடுத்து ஒட்டுவதற்கு மொழிபெயர்ப்பாளர் எதற்கு, இயந்திரம் போதுமே.

'புகைமூட்டம்' நல்ல தமிழ். போகி காலையில் தெருவை மறைப்பது அது. ஆனால் தரையோடு தங்குவதுதான் மூட்டம். மேலிருந்து பார்க்கும் செயற்கைக்கோளுக்குப் புகை இரண்டு, மூன்று கிலோமீட்டர் உயரத்தில் போகிறதா, நம் மூக்குக்கு எதிரே நிற்கிறதா என்று சாதாரணப் படத்தில் தெரியாது. உயரத்தை அளக்க லேசர் போன்ற தனிக் கருவி வேண்டும். 2006 முதல் 2023 வரை கலிப்ஸோ செயற்கைக்கோள் லேசரால் அதைச் செய்தது. வெறும் படத்தை வைத்து மூட்டம் என்றால் ஊர் வீணாகப் பயப்படும்.

சரி, என் சொல் புகைக்கொடி. புதிதாகச் செய்ததல்ல. கோவலனும் கண்ணகியும் மதுரைக்குக் கிளம்பிவரும் சிலப்பதிகார நாடுகாண் காதையிலேயே 'கரியவன் புகையினும் புகைக்கொடி தோன்றினும்' என்று இருக்கிறது. அங்கே அது வால்நட்சத்திரம். அந்தப் பொருள் வழக்கொழிந்து, வால்வெள்ளி என்ற சொல் வந்தாயிற்று. காலியான வீட்டில் புகையைக் குடிவைப்பதில் தப்பில்லை. கொடி என்றால் படர்கொடியும் உண்டு, பறக்கும் கொடியும் உண்டு. இரண்டும் பொருந்தும். ஓரிடத்தில் வேர் விட்டுப் படர்கிறது; காற்று எந்தப் பக்கம் என்றும் காட்டுகிறது.

வடமொழித் தூமகேதுவின் மொழிபெயர்ப்புதானே இது என்று தனித்தமிழ் நண்பர்கள் கேட்பார்கள். தூமம் புகை, கேது கொடி, உண்மைதான். இருக்கட்டும், இரண்டு பாதியும் நம் சொற்கள், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும். வேர் தெரியாத அளவுக்குப் பரவிக் கலைந்தபின் புகைப்படலம் என்று சொல்லிக்கொள்ளலாம், அதில் எனக்குச் சண்டையில்லை. கொடியாக நீண்டு கிடக்கும்போது மேகம் என்றால்தான் சண்டை.