நாயின் காதுக்குள் ஒரு ‘ட’

காதைத் தொட வந்தாலே தலையை இழுத்துக்கொள்ளும் நாயைப் பலர் ‘கோபக்கார நாய்’ என்கிறார்கள். அது வலியாக இருக்கலாம்.

நம் காதுக்குழாய் ஏறக்குறைய நேராக உள்ளே போகிறது. நாய்க்கும் பூனைக்கும் அது ‘ட’ எழுத்தைப்போல: செங்குத்தாக இறங்கி, அடியில் திரும்பி, படுக்கைவாட்டில் தலைக்குள் போகிறது. அதன் முனையில் செவிப்பறை. உள்ளே சேரும் சீழ் மேலே ஏறித்தான் வெளிவர வேண்டும். காக்கர் ஸ்பேனியல் போன்ற நாய்களுக்குத் தொங்கும் மடல் வேறு மூடிபோல் கவிந்திருக்கும்.

வடிவம் மட்டும் நோயைக் கொண்டுவராது. குழாயின் உட்புறமும் தோல்தான். பாதத்தை ஓயாமல் நக்கும் நாய்க்கு அடிக்கடி காதும் நாறினால், இரண்டுக்கும் ஒரே ஒவ்வாமை காரணமாக இருக்கலாம். தோல் அழன்று குறும்பி பெருகும்போது, அங்கே இயல்பாகவே வாழும் மலசீசியா என்ற ஈஸ்ட் பெருகும், பாக்டீரியாவும் சேர்ந்துகொள்ளும். பூனைக்குட்டியின் காதில் காப்பித்தூள் போன்ற பொடி தெரிந்தால் காதுப்பூச்சி என்னும் சிற்றுண்ணியைச் சந்தேகிக்கலாம். எதுவாக இருந்தாலும் எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் அது நேராக நடுச்செவிக்குப் போய்விடும்.

அரிப்பில் நாய் தலையை உதறிக்கொண்டே இருந்தால் மடலின் நுண்ணிய இரத்தக்குழாய்கள் உடையும். உள்ளே இரத்தம் தேங்கி மடல் பணியாரம்போல் உப்பும். ஊசியால் உறிஞ்சினால் பெரும்பாலும் மறுபடி நிரம்பிவிடுகிறது, ஏனென்றால் உள்ளே இடைவெளி அப்படியே இருக்கிறது. அதனால் உட்புறத் தோலைக் கீறி, உறைந்த இரத்தத்தை எடுத்து, மெத்தை தைப்பதுபோல் மடல் முழுக்க ஆங்காங்கே தையல் போடுகிறார்கள். தையல் மடலின் நீளவாக்கில் இருக்க வேண்டும். குறுக்கே போனால் இரத்த ஓட்டம் நெரிபடும்.

இளம் பூனைகளின் தொல்லை வேறு. நடுச்செவியிலிருந்து பாலிப் என்னும் சதை வளர்ந்து, காதுக்குழாய்க்குள்ளோ தொண்டைக்குள்ளோ நீளும். மூச்சில் குறட்டைச் சத்தம் கேட்கும், தலை ஒருபக்கம் சாயும். மயக்கம் கொடுத்துப் பற்றி இழுத்தே பல நேரம் எடுத்துவிடலாம். திரும்ப வளர்ந்தால் நடுச்செவியின் எலும்புக் குமிழைக் கீழ்ப்புறமாகத் திறக்க வேண்டிவரும்.

ஆண்டுக்கணக்கில் நீடித்த அழற்சிதான் மிகக் கொடுமையானது. தோல் தடித்துக் குழாய் அடைபடும். சுற்றியுள்ள குருத்தெலும்பில் சுண்ணாம்பு ஏறி எலும்புபோல் கெட்டிப்படும். சொட்டு மருந்து போக வழியே இராது. அப்போது குழாயை முழுவதுமாக அகற்றிவிடுகிறார்கள். மடல் இருக்கும், துளை இருக்காது. எலும்புக் குமிழையும் திறந்து சுரண்டுவார்கள். நோயுற்ற படலம் கொஞ்சம் மிஞ்சினாலும் பல மாதம் கழித்துச் சீழ் கட்டக்கூடும். முகநரம்பு குழாயை ஒட்டியே ஓடுகிறது. அது சற்று இழுபட்டாலே அந்தப் பக்கத்துக் கண்ணை இமைக்க முடியாமல் போகலாம், பெரும்பாலும் தற்காலிகமாக.

கேட்கும் திறன் போய்விடுமே என்று வளர்ப்பவர்கள் தயங்குவது நியாயம். அந்தக் காதில் கேட்பது பெரும்பாலும் போய்விடும் என்பதும் உண்மை. ஆனால் அடைபட்ட அந்தக் காது முன்பே சரியாகக் கேட்டிருக்காது. அதில் மீந்திருந்தது வலிதான். புண் ஆறிய பின் பல நாய்கள் தலையைத் தடவக் கை நீட்டினால் விலகாமல் நிற்கின்றன.