திரும்பும் டிக்கெட்டை முதலில் போடாதீர்கள்: சென்னைக்கு அழகுச் சிகிச்சைக்கு வருவோர் கவனத்துக்கு

கொழும்பிலிருந்து சென்னைக்கு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். சிங்கப்பூர், கோலாலம்பூரிலிருந்து நாலு மணி நேரம். பேச்சு புரியும் மருத்துவர், வாய்க்குப் பிடித்த சாப்பாடு, அங்கே ஆகும் செலவில் ஒரு பங்கு. அதனால் கல்யாணத்துக்கோ கோயில் நேர்த்திக்கோ வரும்போது, கையோடு லைபோசக்ஷன் (கொழுப்பை உறிஞ்சி எடுப்பது), டம்மி டக் (வயிற்றுத் தோலையும் தசையையும் இழுத்துத் தைப்பது), மூக்கு ஆபரேஷன், முடி நடவு என்று ஏதாவதொன்றையும் முடித்துக்கொண்டு போகிறார்கள். இங்குள்ள நல்ல பிளாஸ்டிக் சர்ஜன்கள் எந்த ஊர் சர்ஜனுக்கும் சளைத்தவர்கள் அல்ல. ஆனாலும் சிக்கலோடு ஊர் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். பல நேரம் அந்தச் சிக்கல் பேக்கேஜில் போட்டிருக்கும் தேதிகளிலேயே தொடங்கிவிடுகிறது.

வாட்ஸ்அப்பில் வரும் பேக்கேஜைப் பாருங்கள். திங்கள் வருகை, செவ்வாய் ஆபரேஷன், புதன் டிஸ்சார்ஜ், சனிக்கிழமை விமானம். ஐந்தே நாள் என்பதுதான் விற்பனைப் பேச்சு. உடம்பின் கணக்கு வேறு. மரப்பு மருந்தால் வரும் ஆபத்து முதல் இரவில் வரும். காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைவது முதல் சில வாரங்களில் எப்போது வேண்டுமானாலும் வரலாம். வயிற்றுத் தோலுக்கு அடியில் நீர் கோத்துக்கொள்வது பத்தாம் நாளையொட்டித் தெரியும். சில கிருமிகள் தலைகாட்ட ஒரு மாதத்துக்கு மேல் ஆகும்.

முதல் இரவு

லைபோசக்ஷனில் கொழுப்பை உறிஞ்சுவதற்கு முன் தோலுக்கு அடியில் லிட்டர் கணக்கில் திரவம் ஏற்றுவார்கள். ஒரு லிட்டர் சலைனிலோ ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசலிலோ 500 முதல் 1000 மி.கி. லிக்னோகைன் என்ற மரப்பு மருந்தும் 1 மி.கி. அட்ரினலினும் கலந்திருக்கும். வலி தெரியாது, ரத்தமும் அதிகம் போகாது. 1987-ல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஜெஃப்ரி கிளைன் வெளியிட்ட இந்த முறைதான் இந்தச் சிகிச்சையை இவ்வளவு பரவலாக்கியது.

அட்ரினலின் ரத்தக்குழாய்களைச் சுருக்கி வைப்பதால் லிக்னோகைன் மெதுவாகத்தான் ரத்தத்தில் கலக்கும். அதன் அளவு உச்சத்தைத் தொட ஏறக்குறைய 12 மணி நேரம் ஆகிறது. காலை பத்து மணிக்கு ஆபரேஷன் என்றால், உச்சம் இரவு பத்து மணிக்கு. மாலை ஐந்துக்கே லாட்ஜுக்கு அனுப்பிவிட்டால், அந்த நேரத்தில் நோயாளியின் பக்கத்தில் அக்காவோ அம்மாவோதான் இருப்பார். உதடும் நாக்கும் மரத்துப்போகும், காதில் இரைச்சல் கேட்கும், வாயில் இரும்பைச் சப்பியது போல ஒரு சுவை, பேச்சில் குளறல். மயக்கம் இன்னும் தெளியவில்லை போலிருக்கிறது என்று போர்வையை இழுத்துப் போர்த்திவிடுவார்கள். அடுத்து வருவது வலிப்பும் இதயத் துடிப்புத் தடுமாற்றமும். இதற்கு முறிமருந்து 20 சதவீத லிப்பிட் இமல்ஷன் என்ற, ரத்தக்குழாயில் ஏற்றும் கொழுப்புக் கலவை. அது ஆஸ்பத்திரி அலமாரியில் இருக்கும், லாட்ஜில் இருக்காது.

கணக்கு எளிதானது. லிக்னோகைன் உடல் எடையில் கிலோவுக்கு 35 மி.கி. என்பது பலரும் பின்பற்றும் பாதுகாப்பான உச்சவரம்பு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 2,100 மி.கி. லிட்டருக்கு 500 மி.கி. கலந்தால் நாலு லிட்டர் வரை ஏற்றலாம், 1000 மி.கி. கலந்தால் இரண்டு லிட்டரோடு நிறுத்த வேண்டும். வயிறு முடிந்ததும் 'தொடையையும் பார்த்துவிடலாம்' என்று நடுவில் சேர்க்கும்போதுதான் இந்த வரம்பு தாண்டப்படுகிறது. ஒவ்வொரு பாட்டில் மாட்டும்போதும் மொத்த மி.கி. எவ்வளவு என்று நர்ஸ் பலகையில் எழுதி, உரக்கச் சொல்லும் பழக்கம் ஆபரேஷன் தியேட்டரில் இருக்க வேண்டும். உறிஞ்சி எடுக்கும் அளவு ஐந்து லிட்டரைத் தாண்டினால் அன்றிரவு ஆஸ்பத்திரியில்தான் தங்க வேண்டும். அதற்குக் குறைவாக எடுத்தாலும், வெளியூரிலிருந்து வந்தவருக்கு ஓர் இரவு கட்டாயம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. உள்ளூர்க்காரருக்கு ஓடிவர வீடும் வண்டியும் இருக்கும். விருந்தாளிக்கு எது பக்கத்து ஆஸ்பத்திரி என்றுகூடத் தெரியாது.

விமானமும் ரத்தக்கட்டியும்

அழகு ஆபரேஷன்களில் காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து மிக அதிகமாக இருப்பது டம்மி டக்கில். வயிற்றுத் தசையை இழுத்துத் தைப்பதால் வயிற்றுக்குள் அழுத்தம் கூடுகிறது, கால்களிலிருந்து ரத்தம் மேலேறத் தாமதமாகிறது. குனிந்தபடியே நடக்க வேண்டியிருப்பதால் நடையும் குறைந்துவிடும். இதோடு நாலு மணி நேரத்துக்கு மேற்பட்ட விமானப் பயணம் சேர்ந்தால், கெண்டைக்காலில் உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போய் அடைக்கும் வாய்ப்பு கூடிவிடும். லண்டன், டொராண்டோவிலிருந்து வருகிறவர்கள் இறங்கிய மறுநாளே மேசையில் படுப்பதும் இதே காரணத்தால் தவறு. நடமாடி, தண்ணீர் குடித்து, இரண்டு மூன்று நாள் போகட்டும். கருத்தடை மாத்திரையும் புகையும் நாலு வாரம் முன்பே நிற்க வேண்டும். இதைச் சென்னைக்கு வந்தபின் சொல்லிப் பயனில்லை, முதல் வீடியோ பேச்சிலேயே சொல்லியாக வேண்டும்.

திரும்பும் தேதிக்கு வருவோம். வயிறு, மார்பு ஆபரேஷனுக்குப் பிறகு குறைந்தது 10 நாள் விமானம் ஏறக்கூடாது என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் அறிவுரை. டம்மி டக்குக்கு 14 நாள் என்று வைத்துக்கொள்வதே நல்லது. காயத்து நீரை வடிக்க வைக்கும் டிரெய்ன் குழாயை எடுக்கத் தொடர்ந்து இரண்டு நாள் 24 மணி நேரத்துக்கு 30 மி.லி.க்குக் குறைவாக வடிய வேண்டும்; சிலருக்கு அது ஐந்தாம் நாள், சிலருக்குப் பன்னிரண்டாம் நாள். விமானத்துக்கு நேரமாகிவிட்டதென்று 80 மி.லி. வடியும் குழாயை உருவினால், நீர் உள்ளேயே கோத்துக்கொள்ளும். மூக்குப் பட்டையை எடுக்க ஏழு நாள், இமைத் தையலுக்கு ஐந்து நாள். முகத்தில் செய்தவர்கள் 7 முதல் 10 நாள் இருந்துவிட்டுப் போகலாம். இ-மெடிக்கல் விசாவில் 60 நாள் அவகாசம் உண்டு, உடன் வரும் இருவருக்கும் தனி விசா கிடைக்கும். ஆகவே அவசரப்படுத்துவது விசா அல்ல.

யார் செய்கிறார், எங்கே செய்கிறார்

'காஸ்மெட்டிக் சர்ஜன்' என்பது இந்தியாவில் ஒரு பட்டத்தின் பெயர் அல்ல. எம்.சிஎச். அல்லது டி.என்.பி. பிளாஸ்டிக் சர்ஜரி என்று இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி மருத்துவ கவுன்சில் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் கிளினிக்குகளுக்கு 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவுச் சான்று வேண்டும். அது வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருக்கும்.

முடி நடவை யாரும் ஆபரேஷனாகவே நினைப்பதில்லை. 2016-ல் சென்னையில், அழகு நிலைய உரிமம் மட்டுமே இருந்த ஓரிடத்தில் முடி நடவு செய்துகொண்ட ஓர் இளம் மருத்துவ மாணவர் இறந்துபோனார். யூடியூபிலும் பயிலரங்கிலும் பார்த்தது இதற்குப் பயிற்சி ஆகாது என்று 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் எழுத்திலேயே சொல்ல வேண்டியிருந்தது. இங்கும் மரப்பு ஊசிக்கு வரம்பு உண்டு: அட்ரினலின் கலந்த லிக்னோகைன் கிலோவுக்கு 7 மி.கி. 60 கிலோ உடம்புக்கு 2 சதவீத மருந்தில் 21 மி.லி. ஆறேழு மணி நேர வேலையில் 'வலிக்குது' என்று சொல்லும்போதெல்லாம் போட்டுக்கொண்டே போனால் எளிதில் தாண்டிவிடும்.

ஏஜென்ட் சொல்லும் இடத்துக்கே போக வேண்டியதில்லை. நோயாளியை அனுப்பியதற்கு மருத்துவர் கமிஷன் கொடுப்பது 2002-ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகளின்படி குற்றம். பில்லைப் பற்றியும் ஒரு வார்த்தை: மருத்துவச் சேவைக்குள்ள ஜிஎஸ்டி விலக்கு அழகுக்காகச் செய்யும் ஆபரேஷனுக்கும் முடி நடவுக்கும் கிடையாது. பேக்கேஜ் தொகையில் வரி அடக்கமா என்று கேளுங்கள். ஐசியு தேவைப்பட்டால் எந்த ஆஸ்பத்திரி, அந்தச் செலவு யாருடையது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். கிளினிக் தொடங்குகிறவர்கள் இந்த ஒப்பந்தத்தைத்தான் முதலில் போட வேண்டும், விளம்பரம் அப்புறம்.

ஒரு குழாயைக் கழுவுவது

லைபோசக்ஷன் கேனுலா மூன்று நான்கு மில்லிமீட்டர் தடிமனும் ஒன்றரைச் சாண் நீளமும் உள்ள உலோகக் குழாய். வேலை முடிந்ததும் உட்சுவரில் கொழுப்பும் ரத்தமும் ஒட்டியிருக்கும். அரை மணி நேரம் காய்ந்தால் பிசின் போலப் பிடித்துக்கொள்ளும். உடனே அலசி, என்சைம் கரைசலில் ஊறவைத்து, நீளமான பிரஷை விட்டுத் தேய்த்து, சிரிஞ்சில் தண்ணீரைப் பீய்ச்சி, காய்ச்சி வடித்த நீரில் கடைசி அலசு அலசி, உள்ளே காற்றடித்து உலர்த்த வேண்டும். பிறகு 134 டிகிரியில் குறைந்தது மூன்று நிமிடம். அதுவும் உள்ளிருக்கும் காற்றை முதலில் உறிஞ்சியெடுத்து நீராவியால் கிருமி நீக்கும் கிளாஸ் பி ஆட்டோகிளேவில். சாதாரண ஆட்டோகிளேவில் குழாய்க்குள் காற்று தங்கிவிடும், நீராவி உள்ளே போகாது. இவ்வளவையும் விட்டுவிட்டு, குளூட்டரால்டிஹைடு என்ற கிருமிநாசினியில் இருபது நிமிடம் போட்டு, குழாய்த் தண்ணீரில் அலசி அடுத்தவருக்கு எடுப்பதும் நடக்கிறது.

குழாய்த் தண்ணீரில் வாழும் மைக்கோபாக்டீரியம் அப்செசஸ், காசநோய்க் கிருமியின் உறவு. டொமினிக்கன் குடியரசுக்குப் போய் அழகு ஆபரேஷன் செய்துகொண்டு திரும்பிய அமெரிக்கப் பெண்களுக்கு இது தொற்றியதை 2014-ல் சிடிசி பதிவு செய்தது. ஆபரேஷன் நன்றாக ஆறியதாகத் தோன்றும். மூன்றிலிருந்து எட்டு வாரத்துக்குள், தழும்பை ஒட்டிச் சிவந்த முடிச்சுகள் கிளம்பும், மெல்லச் சீழ் வடியும். ஊரிலுள்ள மருத்துவர் வழக்கமான ஆன்டிபயாட்டிக் கொடுப்பார், கேட்காது. கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) அனுப்பினால் இரண்டு நாளில் 'கிருமி இல்லை' என்று வரும், ஏனென்றால் பல லேப்களில் கிருமி வளர்க்கும் தட்டை அந்த இரண்டு நாளுக்கு மேல் வைத்துப் பார்ப்பதில்லை.

ஆகவே ஊருக்குக் கிளம்பும்போது ஆபரேஷன் குறிப்பு, மயக்க மருந்துத் தாள், மருந்துகளின் மூலப் பெயர், மார்பில் சிலிக்கோன் வைத்திருந்தால் அதன் வரிசை எண் ஒட்டிய அட்டை எல்லாம் கையில் இருக்கட்டும். பிரான்சின் பிஐபி நிறுவனம் செய்த மார்புச் சிலிக்கோன்கள் 2010-ல் விலக்கப்பட்டபோது, தன்னுடையது அந்த வகையா என்று சொல்ல அந்த அட்டைதான் இருந்தது. கிளினிக்கிலிருந்து மூன்றாவது, ஆறாவது, எட்டாவது வாரங்களில் வீடியோவில் அழைத்துத் தழும்பை நேராகப் பார்க்க வேண்டும். அப்போது முடிச்சு தெரிந்தால், ஊரிலுள்ள மருத்துவரிடம் குறிப்பாகச் சொல்லுங்கள்: சீழையும் திசுவையும் ஏஎஃப்பி கல்ச்சருக்கு (காசநோய் வகைக் கிருமிகளுக்கான சோதனைக்கு) அனுப்பவும், தட்டைக் குறைந்தது இரண்டு வாரம் வைத்திருந்து பார்க்கவும், மாதிரி எடுக்கும்வரை புதிய ஆன்டிபயாட்டிக் எதையும் தொடங்க வேண்டாம்.