இருக்கைக்கு அடியில் கிடந்த லைஃப் ஜாக்கெட்

நவம்பர் பிறந்தால் டல்லாஸ் பக்கத்து நம் ஆட்கள் கூடாரம், அடுப்பு, பிரியாணிச் சட்டி சகிதம் காடோ ஏரிக்குக் கிளம்பிவிடுவார்கள். டெக்சாஸும் லூசியானாவும் பங்குபோட்டுக்கொள்ளும் ஏரி. தண்ணீரிலேயே நிற்கும் சைப்ரஸ் மரங்கள் அப்போதுதான் செங்கல் நிறத்துக்கு மாறும். கிளைகளில் நரைத்த தாடி மாதிரி ஸ்பானிஷ் மாஸ் என்ற செடி தொங்கும். நானும் போயிருக்கிறேன். ஆனால் கிழக்கு டெக்சாஸில் அவசரப் பிரிவு மருத்துவராக இருப்பதால், அந்த ஏரியிலிருந்து நேராக என் முன்னால் வந்து படுப்பவர்களையும் பார்க்கிறேன்.

அப்படி வந்த ஒருவருக்கு நாற்பது வயதிருக்கும். நல்ல வெயில், அரைக்கை டீ-ஷர்ட். படம் எடுக்க ஒரு மரத்தடிக்குக் கயாக்கை, அதாவது துடுப்புப் போடும் சிறு படகை, செலுத்தியிருக்கிறார். சைப்ரஸைச் சுற்றி வேர்கள் முட்டி முட்டியாக எழும்பி நிற்கும். ஏரி நிறைந்திருந்தால் தண்ணீருக்கு நாலு விரற்கடை கீழே மறைந்திருக்கும். அதில் ஏறிக் கயாக் கவிழ்ந்துவிட்டது. நண்பர்கள்தான் இழுத்துக் கரைசேர்த்தார்கள். வரும்போது உதடு நீலம், நெஞ்சில் கொரகொரப்பு. மறுநாள், “ஊர்க் கிணத்துல குதிச்சு வளர்ந்தவன் டாக்டர் நான். எப்படி ஆச்சுன்னே தெரியல” என்றார்.

ஆனது இதுதான். வெளியே 24 டிகிரி செல்சியஸ், தண்ணீரோ 15 டிகிரியை ஒட்டி. குளிர்ந்த நீர் திடீரென்று மேலே பட்டதும், நம்மைக் கேட்காமலே உடம்பு ஒரு பெரிய மூச்சை இழுக்கும். அந்த நேரம் தலை தண்ணீருக்குள் இருந்தால் நுரையீரலுக்குப் போவது தண்ணீர். அப்புறம் ஒரு நிமிடம் போல மூச்சிரைப்பு அடங்காது. அதைத் தாண்டினாலும் பத்து, இருபது நிமிடத்தில் கைகால் தளர்ந்துவிடும். ‘குளிரில் விறைத்துச் சாவது’ என்று நாம் நினைப்பது இதற்கெல்லாம் பிறகு வருவது.

லைஃப் ஜாக்கெட் இருந்ததா என்று கேட்டேன். இருந்ததாம், இருக்கைக்கு அடியில். டெக்சாஸ் சட்டப்படி 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் கட்டாயம் அணிய வேண்டும். பெரியவர்களுக்குக் கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் போதும். கவிழ்ந்த கயாக்கில் கைக்கெட்டும் இடம் ஏது? அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் ஆண்டறிக்கைகளில், படகு விபத்தில் மூழ்கி இறந்தவர்களில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் ஜாக்கெட் போடாதவர்கள். போட்டபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் வாரை இறுக்குங்கள்.

விழுந்து எழுந்தவரைக் கூடாரத்துக்குக் கூட்டிப்போய் விஸ்கி ஊற்றிக் கொடுக்காதீர்கள். ஈரத்துணியைக் கழற்றி, தலையோடு சேர்த்துப் போர்த்துங்கள். இருமல் நிற்கவில்லை, மூச்சு வாங்குகிறது என்றால் காலைவரை காத்திருக்க வேண்டாம், மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

எல்லோரும் என்னிடம் கேட்பது முதலையைப் பற்றித்தான். முதலை கடித்து வந்த ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

இன்னொன்று. அங்கே எல்லா மரமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஏரிக்குள் படகுப் பாதைகளில் எண் போட்ட பலகைகள் உண்டு. தாண்டும்போதெல்லாம் எண்ணைப் பார்த்துவையுங்கள். கயாக் கவிழ்ந்தவருடைய நண்பர் ஒருவர் விளையாட்டாக ஒரு பலகையைப் படம் எடுத்து வைத்திருந்தார். எந்தக் கரைக்கு ஆம்புலன்ஸ் வர வேண்டும் என்று 911-இல் சொல்ல அந்தப் படம்தான் உதவியது.