சேஜ் புதர் செத்தால் ஓடை பிழைக்கும்

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ஹம்போல்ட் ஆற்றில் போய்ச் சேரும் சிற்றோடை சூசி. ஆண்டு முழுவதும் பெய்யும் மழையையும் பனியையும் சேர்த்தாலே சுமார் 250 மில்லிமீட்டர்தான் தேறும் வறண்ட சீமை அது. அங்கே ஓர் ஓடை நன்றாக இருக்கிறதா என்று அறிய, கரையில் நிற்கும் செடிகளைப் பார்த்தால் போதும்.

கரைவிளிம்பு வரை சேஜ் புதர் மண்டியிருந்தால் நிலைமை மோசம். சாம்பல் பூத்த இலையும் கார நெடியும் கொண்ட அந்தப் புதர் மேட்டுநிலத்துக்காரன். வேர் நீரில் ஊறினால் காற்றில்லாமல் செத்துவிடும். அது ஓடைக்கரையில் செழிக்கிறது என்றால், நிலத்தடி நீர் இறங்கிவிட்டது என்று பொருள்.

எப்படி இறங்குகிறது? ஜூலை, ஆகஸ்டில் மேட்டுப்புல் காய்ந்து சத்தற்றுப்போகும். பச்சை, தண்ணீர், நிழல் மூன்றும் கிடைக்கும் ஓடையை விட்டு மாடுகள் நகரா. கோரையும் ஈரக்கரையில் வளரும் வில்லோ மரக்கன்றுகளும் தரைமட்டமாகும். நெப்ராஸ்கா கோரை என்னும் வகை வளர்ந்த கரையை மண்வெட்டியால் வெட்டிப் பார்த்தால் அதன் அருமை தெரியும்: கிடைத்தண்டுகளும் நூல்வேர்களும் மண்ணைக் கயிற்றுப்பாய்போல் பின்னி வைத்திருக்கும். அது அழிந்தபின், பனி உருகி வரும் வெள்ளம் படுகையை ஆழமாக அறுக்கிறது. ஓடை தாழத் தாழ, இருபுற நிலத்தின் நீரும் அதற்குள் வடிந்துவிடுகிறது.

சூசியில் 1990-களில் மாடுகளை அடியோடு விரட்டவில்லை. கடுங்கோடையில் அங்கே மேய்ப்பதைக் குறைத்தார்கள், அவ்வளவுதான். வசந்தத்தில் மேடெங்கும் பச்சை என்பதால் மாடுகள் பரவி மேயும். கோடைக்கு முன் அவற்றை ஓட்டிப்போய்விட்டால் கோரை மறுபடி தழைக்கும். வெள்ளத்தின் வேகத்தைத் தடுத்து வண்டலைப் பிடிக்கும், வண்டல் மேல் மீண்டும் கோரை முளைக்கும், படுகை உயரும். வில்லோ வளர்ந்ததும், மரத்தைக் கொறித்து வாழும் நீர்விலங்கான பீவர்கள் தாமாகவே வந்து அணை கட்டின. 1828-இல் ஹம்போல்ட் கரைக்கு வந்த பீட்டர் ஸ்கீன் ஆக்டனின் வேட்டைக்கூட்டம் தேடியதும் இதே பீவரின் தோலைத்தான். வேட்டைக்காரர்கள் பீவரை அழித்த இடங்களில் அணைகளும் பராமரிப்பின்றி உடைந்தன என்பதை மறந்துவிட்டு, பழியை மாடுகள் மேல் மட்டும் போடுவது நியாயமில்லை.

நீர்மட்டம் ஏறியதும் ஓடையோரச் சேஜ் புதர்கள் நின்றபடியே பட்டுப்போகும். பார்க்க அலங்கோலம், ஆனால் அதுதான் நல்ல செய்தி.

மேட்டிலோ கணக்கு நேர்மாறு. யூரேசியாவிலிருந்து வந்த சீட்கிராஸ் என்னும் களைப்புல் கோடையின் தொடக்கத்திலேயே காய்ந்து தீயைப் பரப்புகிறது. அங்கு வளரும் பெரிய சேஜ் புதர் எரிந்தால் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்காது. அந்த நோய்க்குப் பீவரிடம் மருந்தில்லை.